தலையில் ஸ்டேப்ளர் பின் இருக்கும்போது குளிக்கலாமா?

பைக்கிலிருந்து விழுந்ததில் பின்னந்தலையில் பட்ட காயத்தை மூட, தையலுக்குப் பதிலாக ஆறு பின்கள் போட்டிருக்கிறார்கள். பின் எடுக்கும்வரை தலையில் தண்ணீரே படக்கூடாது என்கிறார் மாமியார். சரிதானா?

முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை அவர் சொல்வது சரி. வெட்டுப்பட்ட தோலின் விளிம்புகள் ஒன்றோடொன்று ஒட்டி மேற்புறம் மூடிக்கொள்ள ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அதன் பிறகு, உங்கள் மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, தலைக்கு ஊற்றலாம். பின்கள் துருப்பிடிக்காத உலோகத்தால் ஆனவை என்பதால் தண்ணீர் பட்டு அவற்றுக்கு ஒன்றும் ஆகிவிடாது. வியர்வையும் உறைந்த ரத்தமும் நாள்கணக்கில் அங்கேயே தேங்கிக் கிடப்பதுதான் காயத்துக்குக் கெடுதல்.

வெதுவெதுப்பான சுத்தமான நீரைக் குவளையில் எடுத்து மெதுவாக ஊற்றுங்கள். குழந்தைகளுக்கான ஷாம்பூவை உள்ளங்கையில் நீர்விட்டுக் கரைத்து, அந்த நுரை காயத்தின்மேல் வழிந்து போகுமாறு விட்டாலே போதும், நகம் படக்கூடாது. முடியோடு ஒட்டிக் காய்ந்த ரத்தத்தைப் பிய்க்காமல், ஈரமான சுத்தத் துணியைச் சில நிமிடங்கள் அதன்மேல் வைத்திருந்தால் தானாகவே நெகிழ்ந்துவிடும். துவட்டும்போதுதான் பலர் தவறு செய்கிறார்கள்: பூத்துவாலையின் நூல் சுருள் பின்னில் மாட்டி இழுத்துவிடும். துவைத்த பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள்.

முதன்முறை குளிக்கும்போது முக்காலியில் உட்கார்ந்து குளிப்பதும், கதவைத் தாழிடாமல் இருப்பதும் நல்லது. தலையில் அடிபட்டவருக்குக் குனிந்து நிமிரும்போது கிறுகிறுப்பு வரக்கூடும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் சீயக்காயையும் விட மனமில்லை. என்ன செய்வது?

பின் எடுத்து, காயம் முழுமையாக ஆறும்வரை விட்டுத்தான் ஆக வேண்டும். எண்ணெயைத் தேய்க்கவும் பிறகு அதைப் போக்கவும் தலையை அழுத்தித் தேய்த்தாக வேண்டியிருப்பதால், ஒட்டிவரும் விளிம்புகள் பிரியலாம். சீயக்காய், அரப்புத் தூளின் திப்பிகள் பின்களுக்கடியில் சிக்கிக்கொள்ளும். மஞ்சள் பற்றும் வேண்டாம். காயம் சிவந்திருக்கிறதா என்பதையே அது மறைத்துவிடும். தலைச்சாயத்துக்கும் இதே பதில்தான்.

ஊர்த் திருவிழாவுக்குப் போகிறேன். கிணற்றில் குளிக்கலாமா?

கூடாது. கிணறு, குளம், ஆறு, நீச்சல்குளம் எதிலும் தலை முழுகக் கூடாது. ஊற்றிய நீர் வழிந்தோடிவிடும், முழுகினால் காயம் அதில் ஊறும்.

குளித்த பிறகு துணியில் லேசான இளஞ்சிவப்புக் கறை தெரிகிறது. பயப்பட வேண்டுமா?

ஓரிரு நாள் அப்படித் தெரிவது வழக்கம். புதிதாக ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் 10 நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், சீழ், துர்நாற்றம், கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல் ஆகியவை கிருமித்தொற்றின் அறிகுறிகள், அன்றைக்கே காட்டிவிடுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, மயக்கம், குழறும் பேச்சு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அது வெளிக்காயத்தைப் பற்றிய விஷயம் அல்ல.

பின்களை எப்போது எடுப்பார்கள்? வீட்டில் நாமே எடுத்துவிடலாமா?

தலையில் பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களுக்குள் எடுத்துவிடுவார்கள். அதற்கென உள்ள கருவி பின்னின் நடுப்பகுதியை அழுத்த, இரு முனைகளும் தோலிலிருந்து ஒருசேர வெளியே எழும். சுருக்கென்று ஒரு கிள்ளல், அவ்வளவுதான். வீட்டுக் குறடு ஒரு முனையை மட்டும் இழுத்துத் தோலைக் கிழித்துவிடும்.