மானாவாரி உருளைக்கிழங்கு: மூடாக்கும் உரமும்

கேள்வி: மழையை மட்டும் நம்பி உருளைக்கிழங்கு பயிரிடுகிறேன். வைக்கோல் மூடாக்கு போட்டால் செடி வெளுத்துப்போகும் என்கிறார்களே, உண்மையா? மூடாக்கு போட்டால் உரத்தைக் குறைக்கலாமா? பொட்டாஷில் எதை வாங்குவது?

பதில்: செடி வெளுப்பதற்குக் காரணம், வைக்கோலை மண்ணுக்குள் புதைப்பது. வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 80 பங்கு அளவில் கரிமம் இருக்கிறது. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள், மண்ணிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு முந்தி எடுத்துக்கொள்கின்றன. மண்ணின் மேலேயே கிடந்தால் இந்தப் போட்டி மிகவும் குறைவு. ஆகவே தயங்காமல் போடுங்கள். அறுவடை முடியும் வரை கொத்திக் கலக்காதீர்கள்.

மானாவாரியில் மூடாக்குதான் பெரிய முதலீடு என்பது என் உறுதியான கருத்து. உருளைக்கிழங்கின் வேர் ஆழம் போகாது. மண்ணின் வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் கிழங்கு நன்றாகப் பிடிக்கும். 25 டிகிரியைத் தாண்டினால் தடுமாறும். வைக்கோல் ஈரத்தையும் காக்கிறது, மண் சூட்டையும் தணிக்கிறது. பாரிலிருந்து (செடி நிற்கும் மண்மேடு) கிழங்கு வெளியே தெரிந்து பச்சையாவதும் குறைகிறது. கறுப்பு நெகிழித் தாளைப் பரிந்துரைக்க மாட்டேன்: வெயில் காலத்தில் மண்ணைச் சூடாக்கும், பெய்யும் மழையையும் உள்ளே விடாமல் வழியவிடும்.

எப்போது போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காய்ந்த மண்ணை மூடினால் வறட்சியையே மூடிவைக்கிறோம். அடுத்து வரும் சிறு தூறலையும் வைக்கோலே குடித்துவிடும். செடி ஒரு சாண் உயரம் வந்ததும் மேலுரம் இட்டு, செடியின் அடியில் மண் அணைத்து, நல்ல மழை பெய்த மறுநாள் பரப்புங்கள். அதற்கு முன் பாரின் பக்கவாட்டில் விரலை முழுதாக விட்டுப் பாருங்கள். விரல் நுனியில் மண் குளிர்ச்சியாக ஒட்டினால் சரியான நேரம். ஹெக்டேருக்கு 4 முதல் 6 டன் வைக்கோல் போதும். பனி உறையும் பருவமானால் சற்றுப் பொறுங்கள்: மூடிய மண்ணின் சூடு இரவில் மேலே வராததால் இளஞ்செடி கருகும். நத்தை தொல்லை உள்ள வயலில் மெல்லிய அடுக்காகவே போடுங்கள்.

இந்த வரிசை உரத்துக்கும் பொருந்துகிறது. வைக்கோலின் மேல் யூரியாவைத் தூவினால் கணிசமான பகுதி அமோனியா வாயுவாகப் பறந்துவிடலாம். தழைச்சத்தில் பாதியை நடவின்போதும் மீதியை மண் அணைக்கும்போதும் கொடுங்கள். மேலுரத்தைப் பாரின் ஓரம் கோடு கிழித்து இட்டு மண்ணால் மூடுங்கள். மண்ணில் ஈரம் இல்லையென்றால் அந்தப் பாதியைத் தள்ளிவையுங்கள். மழை சரியாக வராவிட்டால் குறைத்தே கொடுங்கள். ஈரமில்லாத மண்ணில் கூடுதல் உரம் உப்பாகத்தான் நிற்கும். தாமதமாகக் கிடைக்கும் தழைச்சத்தோ இலையை வளர்க்கும், கிழங்கை அல்ல. அடியுரம் விதைக்கிழங்கைத் தொடக்கூடாது; சுமார் 5 சென்டிமீட்டர் பக்கவாட்டிலும் அதே அளவு கீழேயும் இருக்கட்டும்.

மூடாக்கை நம்பி உரத்தை உடனே குறைக்காதீர்கள். வைக்கோலிலுள்ள பொட்டாஷ் மழையில் கரைந்து மண்ணுக்கு வரும், ஆனால் தழைச்சத்து மெதுவாகவே வரும். குறைப்பதை மண் பரிசோதனை முடிவைப் பார்த்துச் செய்யுங்கள். அறுவடையாகும் ஒவ்வொரு டன் கிழங்கும் சுமார் 3 கிலோ தழைச்சத்தையும் 5 முதல் 6 கிலோ பொட்டாஷையும் வயலிலிருந்து கொண்டுபோகிறது. ஆகவே பொட்டாஷைக் கைவிடுவது ஆபத்து. சமையலுக்கு விற்கும் கிழங்குக்கு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் போதும், விலையும் குறைவு. வறுவல் ஆலைக்குப் போவதானால் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். மியூரியேட்டில் உள்ள குளோரைடு கிழங்கின் மாவுச்சத்தைக் குறைக்கும்.

தொழு உரம் நன்றாக மக்கியதாக இருக்கட்டும். பச்சைச் சாணமும், நடவுக்கு முன் இடும் சுண்ணாம்பும் கிழங்கின் தோலைச் சொரசொரப்பாக்கும் சொறி நோயைத் தூண்டும். கிழங்கு பிடிக்கும் வாரங்களில் மண் காய்ந்தாலும் அதே நோய் வரும். அந்தச் சமயத்தில் வைக்கோல் கலையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.