நூறு டேப் திறந்து கிடக்கிறது, மூடலாமா?

கேள்வி: ஆண்ட்ராய்டு போனில் குரோம் பயன்படுத்துகிறேன். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். கண்ணில் படுகிற குறிப்பையெல்லாம் பிறகு படிக்கலாம் என்று மூடாமல் விட்டுவிடுவது பழக்கம். அம்மாவின் சர்க்கரை நோய்க்கான உணவுக் கட்டுரை, சமையல் குறிப்பு, பிளவுஸ் டிசைன் எல்லாமும் அதிலேயே கிடக்கின்றன. டேப் எண்ணிக்கை காட்டும் சதுரத்தில் 99 வரை வந்தது. இப்போது எண்ணே இல்லை, சிரிப்பு முகம் போல ஏதோ தெரிகிறது. போன் மெதுவானதற்கு இதுதான் காரணம், மொத்தத்தையும் மூடு என்கிறான் தம்பி. சேர்த்து வைத்ததெல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. போன வாரம் ஆன்லைனில் ஒரு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தபோது ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினேன். பக்கம் முதலிலிருந்து திறந்தது, நிரப்பியது எதுவும் இல்லை. என்ன செய்வது?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: முதலில் அந்தச் சிரிப்பு முகம். போனில் கோளாறு எதுவும் இல்லை. டேப்கள் 99ஐத் தாண்டிவிட்டால் சதுரத்துக்குள் மூன்று இலக்கத்துக்கு இடமில்லாததால் குரோம் அப்படியொரு குறியைக் காட்டும். ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் இதே இடத்தில் முடிவிலிக் குறி வரும்.

உங்கள் தம்பி சொன்னதில் பாதி சரி. மூட வேண்டும் என்பது சரி. போன் மெதுவானதற்கு அதுதான் காரணம் என்பது பெரும்பாலும் சரியில்லை. நூறு டேப் இருந்தால் நூறு பக்கமும் போனின் ரேமில் (வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் தற்காலிக நினைவகத்தில்) உட்கார்ந்திருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த சில பக்கங்கள்தான் உண்மையில் ‘உயிரோடு’ இருக்கும். மற்றவற்றின் முகவரி, தலைப்பு, ஒரு சின்னப் படம் இவ்வளவுதான் மிஞ்சும். அந்த டேப்பைத் தொட்டதும் குரோம் அந்த முகவரிக்குப் போய்ப் பக்கத்தை மறுபடி இறக்குகிறது. போன் திணறினால் முதலில் ஸ்டோரேஜ் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப் வீடியோக்களைக் கொஞ்சம் நீக்கினாலே வித்தியாசம் தெரியும்.

இதில்தான் உங்கள் பயத்துக்கான பதிலும் இருக்கிறது, கொஞ்சம் கசப்பான பதில். மூடினால் போய்விடுமோ என்று கேட்கிறீர்கள். மூடாமல் வைத்திருப்பதாலும் அது உங்களிடம் இல்லை. உங்களிடம் இருப்பது முகவரி மட்டுமே. அந்த இணையதளம் பக்கத்தை நீக்கிவிட்டாலோ, முகவரியை மாற்றிவிட்டாலோ, அன்று உங்களுக்கு நெட் இல்லாமல் போனாலோ, டேப்பைத் தொடும்போது வெற்றுத் திரைதான் வரும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளுக்குப் பிறகு கிடைக்கவில்லை என்று கண்டார்கள். தமிழில் தனிநபர்கள் ஆர்வத்தில் எழுதி, பின்னர் டொமைனுக்கு, அதாவது தளத்தின் பெயருக்கு, பணம் கட்டாமல் விட்ட தளங்கள் எத்தனையோ. நான் தேடிப் போய் ஏமாந்த பக்கங்களே நிறைய.

உங்கள் விண்ணப்பத்துக்கு நேர்ந்ததும் இதே காரணத்தால்தான். ஓடிபி பார்க்க இன்னொரு ஆப்புக்குப் போனீர்கள். போனில் ரேம் குறைவாக இருந்ததால், பின்னால் போன குரோமை ஆண்ட்ராய்டு நிறுத்திவிட்டது. திரும்பி வந்தபோது குரோம் முகவரியை வைத்துப் பக்கத்தைப் புதிதாக இறக்கியது. நீங்கள் தட்டிய எழுத்துகள் முகவரியில் இல்லையே, அதனால் போய்விட்டன. இனி ஓடிபி வரும்போது குரோமை விட்டு வெளியே போகாதீர்கள். திரையின் மேல் விளிம்பிலிருந்து விரலால் இழுத்தால் வரும் நோட்டிஃபிகேஷனிலேயே எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். பல போன்களில் கீபோர்டுக்கு மேலேயே அந்த எண் வந்து நிற்கும், தொட்டாலே போதும். விண்ணப்பம் தொடங்கும் முன் மற்ற ஆப்களை மூடிவிடுங்கள். போட்டோ, கையெழுத்து, சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் சரியான அளவில் முன்பே எடுத்து ஒரே ஃபோல்டரில் வைத்திருங்கள். பாதி விண்ணப்பத்தில் கேமராவைத் திறப்பது ரேமை அதிகம் தின்னும் வேலை. நீளமாக எழுத வேண்டிய பதில் ஏதும் இருந்தால் நோட்ஸ் ஆப்பில் முதலில் எழுதிக்கொண்டு, பிறகு ஒட்டுங்கள். பக்கத்தில் ‘சேவ்’ பட்டன் இருந்தால் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதை அழுத்துங்கள்.

இனி அந்த நூற்றுச் சொச்சத்துக்கு வருவோம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடிவெடுக்கலாம் என்று உட்காராதீர்கள். இருபதாவது டேப்பில் ஒரு கட்டுரையில் மூழ்கிவிடுவீர்கள், பழைய குவியல் அப்படியே இருக்கும். பயம் போவதற்கு முதலில் மொத்தத்தையும் ஒரே மூச்சில் புக்மார்க் செய்துவிடுங்கள். டேப் சதுரத்தைத் தொட்டால் எல்லா டேப்களும் கட்டம் கட்டமாகத் தெரியும். மூன்று புள்ளியைத் தொட்டு ‘செலக்ட் டேப்ஸ்’ போங்கள். குரோம் தமிழில் இருந்தால் இந்தப் பெயர்களும் தமிழில் இருக்கும். பிறகு மறுபடி மூன்று புள்ளி, ‘செலக்ட் ஆல்’. அதே மூன்று புள்ளிப் பட்டியலில் தேர்ந்தெடுத்தவற்றை புக்மார்க் செய்யும் வரி இருக்கும். அவை போய்ச் சேரும் ஃபோல்டருக்கு இன்றைய தேதியைப் பெயராக வையுங்கள். புக்மார்க்கைத் திறந்து எல்லாம் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு எல்லா டேப்களையும் மூடிவிடலாம். நீங்கள் வைத்திருந்தது முகவரிதான், அந்த முகவரி இப்போது இன்னும் பத்திரமான இடத்தில் இருக்கிறது.

மூடிய பிறகு ஏதாவது நினைவுக்கு வந்தாலும் பதற வேண்டாம். மூடியவுடன் திரையின் கீழே சில விநாடிகள் ‘அன்டூ’ வரும். அது போய்விட்டாலும் மெனுவில் ‘ரீசன்ட் டேப்ஸ்’ என்ற இடத்தில் சற்று முன் மூடியவை கிடைக்கும். அதிலும் இல்லையென்றால் ஹிஸ்டரி: கடந்த 90 நாள்களில் நீங்கள் போய் வந்த பக்கங்கள் அங்கே இருக்கும், சொல் தட்டித் தேடலாம். இன்காக்னிட்டோ டேப் மட்டும் விதிவிலக்கு. அதை மூடினால் மூடியதுதான், ஹிஸ்டரியிலும் தடயம் இருக்காது. படிக்க வேண்டிய எதையும் அதில் திறந்து விட்டுவைக்காதீர்கள்.

இப்போது நான் உண்மையாகவே சொல்ல விரும்புவது: நீங்கள் டேப்பாக விட்டுவைத்தவை ஒரே இனம் கிடையாது. தேர்வு அறிவிக்கை ஒரு வகை, சர்க்கரை நோய்க் கட்டுரை ஒரு வகை, பிளவுஸ் டிசைன் இன்னொரு வகை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டதால்தான் எதுவும் தேவைப்படும் நேரத்தில் கையில் சிக்கவில்லை.

பிடிஎஃப்பாக இருப்பவற்றை டேப்பாகவோ புக்மார்க்காகவோ வைக்காதீர்கள், கோப்பாகவே இறக்கிக்கொள்ளுங்கள். தேர்வாணையத்தின் அறிவிக்கை, பாடத்திட்டம், பழைய வினாத்தாள் இவையெல்லாம் இந்த வகை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களும் இலவசமாக பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ், சமூக அறிவியல் புத்தகங்களை ஒருமுறை வைஃபையில் இறக்கிவிட்டால், உங்கள் டேப்களில் பாதிக்கு வேலையே இருக்காது என்று நினைக்கிறேன். குறிப்பு எழுதும் பல தளங்கள் அந்தப் புத்தகங்களைத்தான் சுருக்கிக் கொடுக்கின்றன, சில இடங்களில் பிழையோடு.

இறக்கிய கோப்புக்கு உடனே பெயர் மாற்றுங்கள். எண்களாக இருக்கும் பெயரில் விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் அது யாருடைய கோப்பு என்றே தெரியாது. ‘2024 குரூப் 4 வினாத்தாள்’ என்று தமிழிலேயே வைக்கலாம், போன் ஏற்றுக்கொள்ளும்.

சாதாரணப் பக்கமாக இருந்து, உங்களுக்கு நிச்சயம் மறுபடி வேண்டும் என்று தோன்றினால், அம்மாவுக்கான உணவுக் கட்டுரை மாதிரி, அதையும் போனுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். குரோம் மெனுவின் மேல் வரிசையில் கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்று இருக்கும். தொட்டால் படங்களோடு முழுப் பக்கமும் டவுன்லோட்ஸில் சேமிக்கப்படும், நெட் இல்லாமல் திறக்கலாம். ‘ஷேர்’ போய் ‘பிரின்ட்’ கொடுத்து பிடிஎஃப்பாகவும் சேமிக்கலாம். அது யாருக்கு அனுப்பினாலும் திறக்கும். ஆனால் அப்படிச் சேமித்த சில பிடிஎஃப்களிலிருந்து தமிழ் வரிகளை காப்பி செய்தால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். குறிப்பெடுப்பதற்காகச் சேமிக்கிறீர்கள் என்றால் அம்புக்குறி வழியே நல்லது. மருத்துவக் கட்டுரையாக இருந்தால் சேமித்த தேதியும் எழுதியவர் யார் என்பதும் அதில் தெரிகிறதா என்று பாருங்கள். அம்மாவின் சாப்பாட்டை மாற்றும் முன் அவருடைய மருத்துவரிடம் அதைக் காட்டிவிடுங்கள்.

‘பிறகு படிக்கலாம்’ என்று நினைத்தவற்றுக்குக் குரோமிலேயே ரீடிங் லிஸ்ட் இருக்கிறது. லிங்கை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் பிறகு படிப்பதற்கான வரி இருக்கும். திறந்த பக்கமாக இருந்தால் ஸ்டாரைத் தொட்டு, புக்மார்க்கை எடிட் செய்து, ஃபோல்டராக ரீடிங் லிஸ்டைத் தேர்ந்தெடுக்கலாம். படித்தவை, படிக்காதவை என்று அதுவே பிரித்துக் காட்டும். டேப்பில் இந்த வசதி கிடையாது. டேப் குவியலில் படித்து முடித்ததும் படிக்காததும் ஒரே முகத்தோடு நிற்கும், அதனால்தான் ஒன்றையும் மூட மனம் வருவதில்லை.

இதற்கென்று தனி ஆப்கள் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பாக்கெட் என்ற ஆப்பின் கதையை நினைவில் வையுங்கள். 2007இல் ‘ரீட் இட் லேட்டர்’ என்ற பெயரில் தொடங்கி, 2012இல் பாக்கெட் ஆகி, 2017இல் ஃபயர்பாக்ஸின் மொசில்லா கைக்குப் போனது. பல ஆண்டுச் சேமிப்பை அதில் வைத்திருந்தவர்கள் ஏராளம். 2025 ஜூலை 8இல் அதை மூடிவிட்டார்கள். முன்கூட்டியே அறிவித்து, பட்டியலை எடுத்துக்கொள்ள அவகாசமும் கொடுத்தார்கள். ஆனாலும் அறிவிப்பைப் பார்க்காதவர்கள் இழந்தது இழந்ததுதான். எந்த ஆப்பாக இருந்தாலும், சேமித்ததை வெளியே எடுத்துக்கொள்ளும் ‘எக்ஸ்போர்ட்’ வசதி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லையென்றால் அதில் எதையும் சேர்க்காதீர்கள்.

நம்மில் பலர் லிங்குகளைத் தங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்கிறோம். தவறில்லை, ஆனால் தமிழ் முகவரிகளில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ் விக்கிப்பீடியா போன்ற தளங்களின் முகவரியில் தமிழ் எழுத்து இருக்கும். காப்பி செய்தால் அது சதவீதக் குறிகளும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாறிவிடும். ‘க’ என்ற ஓரெழுத்து ஒன்பது குறிகளாக நீளும், ‘தமிழ்’ என்ற சொல் மட்டும் நாற்பத்தைந்து. பத்து லிங்க் சேர்ந்தால் எது எது என்று ஒன்றும் புரியாது, நடுவில் ஓரெழுத்து விடுபட்டால் திறக்கவும் செய்யாது. லிங்குக்கு மேலே உங்கள் சொந்தச் சொல்லில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: ‘நீதிக்கட்சி, ஆண்டுகள் மட்டும்’, ‘ராகி அடை, வெங்காயம் இல்லாமல்’ என்பது போல. பின்னால் நீங்கள் தேடப்போவது அந்தச் சொல்லைத்தான். புக்மார்க்கின் பெயரையும் இப்படியே மாற்றலாம்.

டிசைன் படங்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கேலரியில் ஓர் ஆல்பமாக வைத்துவிடுங்கள்.

அப்படியானால் டேப் எதற்கு? இன்று, இந்த வாரம் செய்துகொண்டிருக்கிற வேலைக்கு. ஒரு டேப்பின் கட்டத்தை இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் இரண்டும் ஒரு குழுவாகும். இந்த வாரம் படிக்கும் பாடத்துக்கு ஒரு குழு வைத்துக்கொண்டு, பாடம் முடிந்ததும் குழுவையே மூடிவிடலாம். 21 நாள் தொடாத டேப்களைக் குரோம் தானாகவே ஒதுக்கி ‘இன்ஆக்டிவ்’ என்று தனியே வைக்கும். அந்த நாள் கணக்கை செட்டிங்ஸில் டேப்ஸ் பகுதியில் குறைத்துக்கொள்ளலாம். ஐபோனில் சஃபாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்துத் தானாக மூடும் அமைப்பு இருக்கிறது. அவர்கள் ரீடிங் லிஸ்டுக்கான ஆஃப்லைன் சேமிப்பையும் செட்டிங்ஸில் போட்டுவிட்டால் பேருந்தில் நெட் இல்லாமலே படிக்கலாம்.

ஏற்கெனவே திறக்காமல் போன பக்கங்கள் சில உங்கள் குவியலில் இருக்கும். அவற்றின் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டிப் பாருங்கள், பழைய நகல் கிடைக்கக்கூடும். இப்போது திறக்கிற, ஆனால் காணாமல் போய்விடும் என்று நீங்கள் சந்தேகப்படுகிற பக்கத்தையும் அங்கே சேமிக்கச் சொல்லலாம். உங்களைப் போல அதைத் தேடி வரும் இன்னொருவருக்கும் அது உதவும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. போன் மெதுவாக இருக்கிறது என்று கடையில் கொடுத்தால், சிலர் ஆப் செட்டிங்ஸுக்குப் போய்க் குரோமின் ‘கிளியர் ஸ்டோரேஜ்’ அழுத்திவிடுவார்கள். ‘கிளியர் கேஷ்’ என்றால் ஒன்றும் ஆகாது. ‘கிளியர் ஸ்டோரேஜ்’ என்றால் திறந்த டேப்களும், கூகுள் கணக்கில் சேராத புக்மார்க்குகளும் மொத்தமாகப் போய்விடும். அதனால் இன்றைக்கே குரோமில் புதிய டேப் ஒன்றைத் திறந்து வலது மேல் மூலையில் உங்கள் கணக்குப் படம் தெரிகிறதா, புக்மார்க், ரீடிங் லிஸ்ட் இரண்டுக்கும் சிங்க் (கணக்கிலும் சேர்ந்து பதிவாகும் வசதி) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். புது போன் வாங்கினாலும் அதே கணக்கில் நுழைந்தால் அவை வந்துவிடும். டவுன்லோட்ஸில் இருக்கும் கோப்புகள் அப்படி வராது, அவற்றை நீங்கள்தான் கூகுள் டிரைவிலோ பென்டிரைவிலோ ஒரு நகல் போட்டுவைக்க வேண்டும். தேர்வுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.