சாக்ஸபோனும் எலக்ட்ரானிக் இசையும்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் என் பேரன் சிறுவயது முதல் ஆல்டோ சாக்ஸபோன் கற்றவன். கோவில் விழாக்களிலும் கல்யாணங்களிலும் வாசித்து நல்ல பெயர் எடுத்தவன். கத்ரி கோபால்நாத்தைப் போல வருவான் என்று நாங்கள் நினைத்திருக்க, அவனோ எலக்ட்ரானிக் இசையமைப்புதான் படிப்பேன் என்கிறான். தன் வாசிப்பையே லேப்டாப்பில் ஏற்றி, நறுக்கி, நீட்டி, மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கு அது இயந்திரச் சத்தமாகவே கேட்கிறது. டெர்ரி ரைலி என்ற அமெரிக்கரும் சாக்ஸபோன்காரர்தான் என்று வாதாடுகிறான். அவன் பெற்றோர் கணக்கியல் படிக்கச் சொல்கிறார்கள். இது இசைதானா? இதை வைத்துப் பிழைக்க முடியுமா? நான் யார் பக்கம் பேசுவது?

வாசகர், சாட்ஸ்வர்த்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பேரன் சரியான பெயரைத்தான் சொல்லியிருக்கிறான். 1935இல் கலிபோர்னியாவில் பிறந்த டெர்ரி ரைலி, இளமையில் சான்பிரான்சிஸ்கோ மதுக்கூடம் ஒன்றில் ராக்டைம் பியானோ வாசித்துப் பிழைத்தவர். 1963இல் பாரிசில் ஒரு நாடகத்துக்கு இசையமைத்தபோது, ஜாஸ் கலைஞர் செட் பேக்கரின் டிரம்பெட் ஒலி அடுக்கடுக்காகத் திரும்பி வரவேண்டும் என்று விரும்பினார்; பிரெஞ்சு வானொலியின் பொறியாளர் ஒருவர் இரண்டு டேப் ரெக்கார்டர்களை ஒரே நாடாவால் இணைத்து அதைச் செய்துகாட்டினார். ரைலி பிற்பாடு சோப்ரானோ சாக்ஸபோனைக் கையிலெடுத்து, அதே ஏற்பாட்டின் துணையுடன் விடிய விடியக் கச்சேரி செய்தார்.

அந்த ஏற்பாட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் பேரன் லேப்டாப்பில் செய்வது பெரும்பாலும் இதன் வழிவந்ததே. முதல் கருவி வாசிப்பைப் பதிவு செய்கிறது. நாடா அங்கிருந்து நகர்ந்து இரண்டாவது கருவிக்குப் போகிறது. அது அந்தப் பதிவை ஒலிக்கச் செய்து, அதே ஒலியை மீண்டும் முதல் கருவிக்கு அனுப்புகிறது. நாடா நொடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடுகிறது, கருவிகளுக்கு இடையே நாடா 114 சென்டிமீட்டர் நீள்கிறது என்றால், ஊதிய ஸ்வரம் 6 நொடி கழித்துத் திரும்பி வரும். அதன்மேல் அடுத்த ஸ்வரம் படியும், அவ்விரண்டின்மேல் மூன்றாவது. எப்போது ஊதுவது என்பதைவிட எப்போது ஊதாமல் இருப்பது என்பதே இதில் கடினம், ஏனெனில் தவறான ஒரு ஸ்வரம் பலமுறை திரும்பி வந்துதான் தேயும். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் ஒத்து ஊதுவாரே, அந்த ஒத்தையும் நாதஸ்வரக்காரரே ஊதிக்கொள்வது போன்றது இது. பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி இருந்தாலும் காது பழகாதவருக்கு இது வசப்படாது.

இனி, சத்தம் என்ற உங்கள் குறை. நம் பஜனை மடங்களில் சுருதி கூட்டுவது இன்று எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டிதான். அதை யாரும் சத்தம் என்பதில்லை. அதைவிட நெருக்கமான சான்று நாம் வாழும் இந்த குவாஸுலு-நடால் மாகாணத்திலேயே இருக்கிறது. ஜூலு மக்களின் உகுபு என்னும் வில் யாழுக்கு ஒரே தந்தி, அடியில் ஒரு சுரைக்குடுக்கை. வாசிப்பவர் ஒரு புல்தண்டால் தந்தியைத் தட்டியபடியே, குடுக்கையின் வாயை மார்போடு ஒட்டியும் விலக்கியும் பிடிக்கிறார். ஒரே ஒலிக்குள் மறைந்திருக்கும் மேல் ஸ்வரங்களில் எது மேலெழ வேண்டும் என்பதை அந்த அசைவு தீர்மானிக்கிறது. மின்சாரத்தால் ஒலி எழுப்பும் சிந்தசைசரில் ஃபில்டர் என்ற குமிழைத் திருகும்போது நிகழ்வதும் அதுவே. 1984இல் மறைந்த இளவரசி மகோகோ இந்த வாத்தியத்தில் பெரும் மேதை. ஒலியைக் குடைந்து அதன் உள்ளிருப்பதை வெளியே எடுக்கும் கலை மின்சாரத்தோடு பிறந்ததல்ல என்பதை அவருடைய பதிவுகளைக் கேட்டால் நீங்களே உணர்வீர்கள்.

பிழைப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். கச்சேரி வருமானத்தை மட்டும் நம்பி இந்தத் துறையில் குடும்பம் நடத்துபவர்கள் உலகிலேயே மிகச் சிலர். மற்றவர்கள் கற்பிக்கிறார்கள். இதை ஒரு தோல்வியாக, வேறு வழியின்றி ஏற்ற வேலையாகப் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை நான் முழுமனதாக மறுக்கிறேன். இந்த இசைக்கு ஒலிக்கூடம் வேண்டும், கருவிகள் வேண்டும், பொறுமையாகக் கேட்கும் காதுகள் வேண்டும். மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் இடம் வகுப்பறைதான். 1970இல் பண்டிட் பிராண் நாத்திடம் சீடராகச் சேர்ந்து இந்துஸ்தானி இசை பயின்ற ரைலி, மறு ஆண்டு முதல் மில்ஸ் கல்லூரியில் கற்பித்தார். அதனால் அவருடைய இசை வறண்டுபோகவில்லை; தன் குருவிடம் கேட்ட நுண்சுருதிகள் அவருடைய பிற்காலப் படைப்புகளில் ஊறிக் கிடக்கின்றன.

டர்பனையே எடுத்துக்கொள்வோம். அன்றைய நடால் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் படிப்பை உருவாக்க அமெரிக்கப் பியானோ கலைஞர் டேரியஸ் புரூபெக் 1983இல் வந்தார். அதே பல்கலைக்கழகத்தில் ஜெர்மானியரான யூர்கன் பிராய்னிங்கர் இசையமைப்பையும் எலக்ட்ரானிக் இசையையும் பல்லாண்டுகள் கற்பித்தார். வில் யாழ்களைச் செய்வதிலும் வாசிப்பதிலும் தேர்ந்த சாஸி த்லாமினியுடன் சேர்ந்து படைத்தார். 2019இல் பிராய்னிங்கர் மறைந்தபோது, அவரிடம் படித்தவர்கள் அதே வேலையைத் தங்கள் வகுப்பறைகளில் தொடர்ந்துகொண்டிருந்தார்கள்.

டர்பனில் ஜாஸ் பயின்ற ஜிம் ன்கவானாவின் கதை கடுமையானது. அதையும் மறைக்க மாட்டேன். 1959இல் போர்ட் எலிசபெத்தில் பிறந்த இந்தச் சாக்ஸபோன் கலைஞர், ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே ஒரு பண்ணையில் இளைஞர்களுக்காகச் சொந்த முயற்சியில் இசைப்பள்ளி நடத்தினார். 2010இல் அது சூறையாடப்பட்டது. அவரும் இளம் பியானோ கலைஞர் கைல் ஷெப்பர்டும் அந்த இடிபாடுகளுக்குள் போய், உடைந்து கிடந்த பியானோவிலிருந்தே இசை எழுப்பினார்கள்; அது படமாகவும் பதிவானது. மறு ஆண்டே அவர் மறைந்தார். நிறுவனத்தின் ஆதரவு இல்லாமல் தனியாளாகக் கற்பிப்பது எவ்வளவு பெரிய சுமை என்பதை உங்கள் பேரன் அறிந்தே இறங்கட்டும்.

ஆகவே நான் அவன் பக்கம் பேசச் சொல்வேன், ஆனால் வெறும் ஆசீர்வாதத்தோடு நிறுத்திவிட வேண்டாம். இசைத் துறைகள் சேர்க்கைக்கு முன் வாசிக்கச் சொல்லிக் கேட்கும். அங்கே அவனுக்குக் கதவைத் திறப்பது சாக்ஸபோன்தான், எனவே அன்றாடச் சாதகத்தை விட்டுவிடக் கூடாது. பட்டத்துக்குப் பின் ஓராண்டு ஆசிரியர் சான்றிதழும் பெறலாம் என்பதை அவன் பெற்றோரிடம் சொல்லுங்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது, அதற்கு இது நேரான பதில். ப்யூர் டேட்டா, சூப்பர்கொலைடர் ஆகிய இசை மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. விலையுயர்ந்த எதையும் இப்போது வாங்கித் தர வேண்டியதில்லை.

அதோடு, அடுத்த கோவில் திருவிழாவில் வாசிப்பவர்களிடம் அனுமதி கேட்டு, நாதஸ்வரத்தையும் தவிலையும் பதிவு செய்து, தன் சாக்ஸபோனோடு சேர்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு படைப்பு உருவாக்கச் சொல்லுங்கள். முதலில் உங்களுக்குப் போட்டுக் காட்டட்டும்; பிறகு எனக்கு அனுப்பட்டும். கேட்டுவிட்டு அவனுக்கே விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்.