அழிஞ்சிட்டு வர்ற காட்டு முயல், அபூர்வமான காட்டுப் பூ, ரெண்டுல எதைக் காப்பாத்துறது கஷ்டம்?

பூவைத்தாங்க. ஓடுற முயலை விட ஒரே இடத்துல நிக்கிற பூ ஈஸிதானே, தொட்டில வச்சா முடிஞ்சுதுன்னு நானும் நெனச்சவன்தான், பட்டப்புறம்தான் புரிஞ்சுது.

நமக்கு ஏற்காடு, நாகலூர் பக்கம் காபித் தோட்டம். காலைப் பனியில போனா புல்லுக்குள்ள முயல் சைஸுக்கு ஒரு பள்ளம் அமுங்கிக் கெடக்கும், கை வச்சுப் பாத்தா சில நேரம் சூடு கூட ஆறியிருக்காது. காட்டு முயல் வளை தோண்டாது, அதுதான் அதுக்கு வீடு, குட்டியே முடியோட கண்ணு தெறந்துதான் பொறக்கும். இந்த முயல் அழியுற லிஸ்ட்ல இல்லீங்க, ராத்திரி டார்ச் அடிச்சுப் புடிக்கிறவனுங்க தொல்லைதான் இதுக்கு. நெசமாவே அழிஞ்சிட்டு வர்றது இமயமலை அடிவாரத்துல, அஸ்ஸாம், நேபாளம் பக்கம் இருக்குற ஹிஸ்பிட் ஹேர்ங்குற முயல்தான். ஆளுயரப் புல்லு இருந்தாத்தான் அதுக்குப் பொழப்பு, ஆனா வருஷா வருஷம் அந்தப் புல்லைக் கொளுத்துறாங்க. கொளுத்தாம கொஞ்சம் விட்டு வச்சா அது பாட்டுக்குக் குட்டி போட்டுக்கும்னுதான் எனக்குத் தோணுது.

ஆர்க்கிட்னு சொல்ற காட்டுப் பூச்செடி அப்படி இல்ல. பழைய பலா மரம் ஒண்ணு காத்துல சாஞ்சப்ப அதுல இருந்த ஆர்க்கிட்டை எடுத்துட்டு வந்து செம்மண்ணுல நட்டு தெனம் தண்ணி ஊத்தினேன், காத்துல தொங்கின வேரை மண்ணுல பொதச்சா என்னாகும், அழுகிப்போச்சு. அதுல ஒரு காய் வெடிச்சிருந்துச்சு, வெதை கோலமாவை விட நைஸு, மூச்சு விட்டாலே பறக்குது. ஒரு காய்க்குள்ள ஆயிரக்கணக்குல இருக்கும், ஆனா வெதைக்குள்ள சாப்பாடே கெடையாது, அதுக்குன்னு இருக்குற பூஞ்சை வந்து ஊட்டினாத்தான் மொளைக்கும். பூஞ்சையைத் தொட்டியில எங்க போய் வைக்கிறது?

அகத்தியமலையில மட்டும் இருக்குற மஞ்சள் லேடி ஸ்லிப்பர் ஆர்க்கிட்டை விக்கிறதுக்குன்னே அள்ளி அள்ளிக் கிட்டத்தட்ட ஒழிச்சிட்டாங்க. முயல் அடிச்சா கேஸுன்னு எங்கூர்ல பொடிப் பசங்களுக்கும் தெரியும், லேடி ஸ்லிப்பரைக் காட்டுல புடுங்கினாலும் அதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான், 1991ல செடிகளையும் அதுல சேத்துட்டாங்கன்னா எவனும் நம்ப மாட்டேங்குறான்.

அழுகாத ஒரு துண்டை மட்டும் தேங்கா மட்டையோட சேத்து ஆரஞ்சு மரத்துல கட்டி விட்டேன். ரெண்டு வருஷமாச்சு, மூணு எலை விட்டிருக்கு, பூ இன்னும் பாக்கல.