ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: தோட்டத்தை விற்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர் கோத்தகிரி பக்கம். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங், இப்போது நான்காவது செமஸ்டர். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தோடு எங்கள் கல்லூரிக்கு எக்ஸ்சேஞ்ச் ஒப்பந்தம் இருக்கிறது, ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படிக்கலாம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. பறிப்புக் கூலி, உரம் எல்லாம் போக மாதம் சராசரியாக 12 ஆயிரம் நிற்கும். அண்ணன் கோவையில் வேலை பார்க்கிறான், 40 ஆயிரம் சம்பளம். என் பேரில் 3 லட்சம் எஃப்டி இருக்கிறது, அம்மாவிடம் 12 பவுன். ஒரு ஏஜென்ட் 12 லட்சம் ஆகும், தன் ஃபீஸ் 60 ஆயிரம் தனி என்கிறார். கால் ஏக்கரைக் கொடுத்துவிடலாம் என்று அப்பா சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு வழி இருக்கிறதா?

பதில்: விற்க வேண்டாம். அப்பாவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள், மற்றதைப் பொறுமையாகப் பேசலாம். மலையில் அவசரத்துக்கு நிலம் விற்கிறவருக்கு என்ன விலை கிடைக்கும் என்று அப்பாவுக்கே தெரியும். அது தாத்தா பேரில் இருக்கும் கூட்டுப் பட்டா என்றால், பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் உங்கள் படிப்பே முடிந்துவிடும். அதைவிட முக்கியம், உங்கள் செலவு கால் ஏக்கரை விற்கும் அளவுக்குப் பெரியதே இல்லை.

அந்த 12 லட்சம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. ஜெர்மனி மாணவர் விசாவுக்கு, அங்கே வாழப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும்; பெரும்பாலோர் பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், போட்டுக் காட்டுகிறார்கள். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை மாதத்துக்கு 992 யூரோ, வருஷத்துக்கு 11,904 யூரோ. கணக்குக்கு எளிதாக யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் (நீங்கள் அனுப்பும் நாளில் கொஞ்சம் கூடவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்) சுமார் 12 லட்சம். ஆனால் அது முழு வருஷம் தங்குகிறவருக்கு. நீங்கள் போவது ஆறு மாதத்துக்கு, 5,952 யூரோ, அதாவது ஏறக்குறைய 6 லட்சம். இதுவும் கட்டணம் இல்லை, அங்கே போனபிறகு மாதாமாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே வரும், அதில்தான் வாடகை, சாப்பாடு, மாதம் 145 யூரோ அளவில் வரும் ஹெல்த் இன்சூரன்ஸ் எல்லாம்.

ஒப்பந்தத்தின் கீழ் போகிறவர்கள் பொதுவாக இங்கே உங்கள் கல்லூரிக்குத்தான் ஃபீஸ் கட்டுவார்கள், அங்கே டியூஷன் கிடையாது. செமஸ்டர் பங்களிப்பு என்று ஒன்று மட்டும் இருக்கும், அது ஊரைப் பொறுத்து 100 முதல் 350 யூரோ வரை. விசாவுக்கு 75 யூரோ. கோவையிலிருந்து ஜெர்மனிக்கு நேரடி விமானம் இல்லை, மாறித்தான் போக வேண்டும், போக வர 70 ஆயிரம் ஒதுக்குங்கள். பங்களிப்பு குறைவான ஊர் என்றால் விசா, பாஸ்போர்ட், பங்களிப்பு, அலைச்சல் எல்லாம் சேர்த்து ஒரு 30 ஆயிரம். உடைக்கு 20 ஆயிரம். கோத்தகிரிக் குளிருக்குப் போடும் ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு அங்கே ஜனவரியைத் தாண்ட முடியாது.

இதில் பலர் கோட்டை விடுவது முதல் மாதத்தில். அறைக்கு அட்வான்ஸ் கேட்பார்கள், ஆனால் பிளாக்டு அக்கவுண்ட் பணம் நீங்கள் போய் இறங்கி, முகவரி பதிந்து, அங்கே ஒரு வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் நகரும். அதனால் 80 ஆயிரம் தனியாக ஃபாரெக்ஸ் கார்டில் (யூரோவாக ஏற்றி எடுத்துப்போகும் கார்டு) இருக்க வேண்டும். ஆக மொத்தம் 8 லட்சம்.

இந்த 8 லட்சத்தைப் புரட்டுவதற்கு முன்னால் கல்லூரியின் இன்டர்நேஷனல் ஆபீஸில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஒப்பந்தம் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் கல்வி நிதியோடு சேர்ந்ததா? அப்படி இருந்து நீங்கள் தேர்வானால் மாதம் 800 யூரோவுக்கு மேல் உதவித்தொகையும் பயணச் செலவுக்கு ஒரு தொகையும் வரும், விசாவுக்கு அந்தக் கடிதத்தையே வருமானமாகக் காட்டலாம், மீதிக்கு மட்டும் பிளாக்டு அக்கவுண்ட் போதும். அப்படி அமைந்தால் இந்தப் பதிலில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தை யாராவது சொல்வார்கள். அது ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களின் மாஸ்டர்ஸ், பிஎச்டி படிப்புக்கு, ஒரு செமஸ்டருக்கு உதவாது. நான் முதல்வன் திட்டத்தில் ஸ்கவுட் என்று ஒரு பிரிவு உண்டு, அதில் பொறியியல் மாணவர்கள் சிலரை அரசே இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது, அதையும் கல்லூரியில் விசாரித்து வையுங்கள்.

உதவித்தொகை இல்லை என்றால் கல்விக்கடன். வங்கிகளின் பொது மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், கைப்பணமும் போட வேண்டாம், பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். 4 முதல் 7.5 லட்சம் வரை சில வங்கிகள் மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கும், அதற்கு மேலே சொத்து. வெளிநாட்டுப் படிப்பு என்றால் 4 லட்சத்தைத் தாண்டினாலே 15 சதவீதம் நம் கையிலிருந்து போட வேண்டும். தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைக்கலாமே என்று அப்பா கேட்கக்கூடும். கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு வழி செய்யும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது, அதனால் பட்டாவை நீட்டினால் மேனேஜர்கள் தயங்குவார்கள். உங்களுக்கு அது வேண்டவும் வேண்டாம். 4 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிளையில் போய் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று மட்டும் சொன்னால், டிகிரிக்கான அட்மிஷன் கடிதம் இல்லையே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் பிஇ படிப்புக்கான கடனாகவே கேளுங்கள். படிப்பை முடிக்கத் தேவையான ஸ்டடி டூர், ப்ராஜெக்ட் போன்ற செலவுகளுக்கும் அந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறது. இந்தச் செமஸ்டர் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், செலவு விவரம், இரண்டையும் சேர்த்து வித்யா லக்ஷ்மி தளத்தில் விண்ணப்பியுங்கள்.

4 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் சுமார் 3,333 ரூபாய் வட்டி. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை கட்டாமல் விடலாம்தான், ஆனால் மூன்று வருஷத்தில் அது 1.2 லட்சமாக நிற்கும். அண்ணன் மாதாமாதம் அந்த வட்டியை மட்டும் கட்டட்டும், அப்படிக் கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் ஒரு சதவீதம் வரை குறைத்துத் தருகின்றன. வேலைக்குப் போனபின் ஐந்து வருஷத்துக்கு இஎம்ஐ 8,500 ரூபாய். பர்சனல் லோன் போட்டுத் தருகிறேன் என்று அண்ணன் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வட்டி கூட. கல்விக்கடனாகவே அவர் பேரில் எடுத்தாலும், உங்கள் படிப்புக்கு அவர் கட்டும் கல்விக்கடன் வட்டிக்கு வருமான வரிச்சலுகை அவருக்குக் கிடையாது.

மீதி 4 லட்சத்தில் எஃப்டியிலிருந்து இரண்டரை. முழுதையும் உடைக்காதீர்கள், 50 ஆயிரம் வீட்டு அவசரத்துக்குக் கிடக்கட்டும். ஃபாரெக்ஸ் கார்டுக்கான 80 ஆயிரத்துக்கு மட்டும் அம்மா நகையில் ஒன்றிரண்டை வங்கியில் வைக்கலாம், ஏனென்றால் அறை அட்வான்ஸ் காலி செய்யும்போது திரும்ப வரும், வந்ததும் நகையைப் பெருமளவுக்கு மீட்டுவிடலாம். விவசாய நகைக்கடன் என்று எழுதி வாங்கினால் வட்டி குறையுமே என்பார்கள், விவசாயத்துக்கு இல்லாததை அப்படி எழுத வேண்டாம். கடைசி 70 ஆயிரம் அண்ணனும் அப்பாவும் சேர்ந்து.

அந்த அப்பா பங்குக்குத்தான் காலம் பார்க்க வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை கொழுந்து நன்றாக வரும், விலை இறங்கினாலும் எடை கை கொடுக்கும். டிசம்பர், ஜனவரியில் பனி விழுந்துவிட்டால் தோட்டத்திலிருந்து ஒன்றும் எதிர்பார்க்க முடியாது. ஜெர்மனியின் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1-ல் தொடங்குகிறது, அதற்கு ஜூன், ஜூலையில் பணம் தயாராக இருக்க வேண்டும். ஏப்ரலில் தொடங்கும் கோடை செமஸ்டருக்கோ டிசம்பர், ஜனவரியில். உங்கள் வீட்டுக்கு அக்டோபர்தான் சரி.

ஆனால் அக்டோபரில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் ஐந்தாவது செமஸ்டர் ஜூலையில் தொடங்கும், அங்கே வகுப்பும் பரீட்சையும் முடியப் பிப்ரவரி ஆகும், அதற்குள் இங்கே ஆறாவது செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும். அட்டெண்டன்ஸ் எப்படி, எந்தப் பாடத்துக்கு எது ஈடு, கிரெடிட் ஏறுமா என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அரியர் விழுந்து படிப்பு ஆறு மாதம் தள்ளினால் அந்த ஆறு மாதச் சம்பளமும் செலவுக் கணக்கில்தான் சேரும். ஏழாவது செமஸ்டரில் போகலாமா என்றால் கூடாது, கேம்பஸ் இன்டர்வியூ வரும் நேரம் அது.

பணம் அனுப்பும்போது டிசிஎஸ் (வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு வங்கி முன்கூட்டியே வாங்கும் வரி) பிடிப்பார்களே என்ற பயம் வேண்டாம், வருஷத்துக்கு 10 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. 6 லட்சம் மாற்றுவதற்கான ஜிஎஸ்டி 630 ரூபாய்தான். உண்மையில் பணம் போவது மாற்று விகிதத்தில். ஒன்றரை சதவீதம் கூட வைத்தால் 9 ஆயிரம் போச்சு, அதனால் இரண்டு மூன்று இடத்தில் ஒரே நாளில் விலை கேளுங்கள்.

படிப்பு முடிந்ததும் ஜெர்மனியிலேயே மாஸ்டர்ஸ் பண்ணப் போகிறீர்களா? அப்படி உறுதியாக இருந்தால், உதவித்தொகை இல்லாத இந்தச் செமஸ்டரை விட்டுவிடச் சொல்வேன். அப்போது அந்த 11,904 யூரோ முழுதாகத் தேவைப்படும், இப்போதே 4 லட்சம் கடன் தலையில் இருந்தால் கஷ்டம். இல்லை, பிஇ முடித்ததும் வேலைதான் என்றால் போய்வாருங்கள். அங்கே பார்ட் டைம் வேலைக்கு வருஷத்தில் 140 முழு நாள் வரை அனுமதி உண்டு, ஆனால் மொழி தெரியாமல் ஐந்தாறு மாதத்தில் கிடைக்கும் என்று நம்பி பட்ஜெட்டில் ஒரு யூரோகூட எழுத வேண்டாம்.

அந்த ஏஜென்ட்டுக்கு 60 ஆயிரம் எதற்கு? எக்ஸ்சேஞ்சுக்கு உங்கள் பெயரைப் பரிந்துரைப்பது கல்லூரி, ஏற்பது அந்தப் பல்கலைக்கழகம், விசா விண்ணப்பம் நீங்களே நிரப்பக்கூடியது. ஏற்கனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தால் ரசீதோடு எழுதுங்கள், என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.