வற் வரியும் சாதா பில்லும்

கேள்வி: ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். மூன்று மாத வியாபாரம் ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டது, வற் வரிக்கு (VAT, பெறுமதி சேர் வரி) பதியுங்கள் என்கிறார் கணக்காளர். நூற்றுக்குப் பத்து ரூபா இலாபம் பார்க்கும் நான் 18 ரூபா வரிக்கு எங்கே போவேன்?
– வாசகர், கொட்டாஞ்சேனை, கொழும்பு

பதில்: பதியுங்கள். ஆனால் 18 ரூபாவும் உங்கள் கையிலிருந்து போகாது, கொள்முதல் பில் சரியாக இருந்தால்.

100 ரூபாச் சாமானை 18 ரூபா வற் சேர்த்து 118க்கு வாங்கி 130க்கு விற்கிறீர்கள். அந்த 130க்குள் இருக்கும் வரி 19.83. வாங்கும்போது கொடுத்த 18ஐக் கழித்தால் நீங்கள் கட்டுவது 1.83 மட்டுமே. கழிப்பதற்கு வரி விலைப்பட்டியல் (tax invoice) வேண்டும்: இரு தரப்புப் பதிவு இலக்கமும், திகதியும், வரித்தொகை தனியாகவும் அதில் இருக்க வேண்டும்.

கொழும்பின் ஹாட்வெயார் கடைத்தெருவான பழைய சோனகத் தெருவில் யாராவது "சாதா பில் (வரி காட்டாத பில்) என்றால் ஐந்து ரூபா குறைக்கலாம்" என்றால் வாங்காதீர்கள். 113க்கு வாங்கினாலும் 19.83ஐ முழுதாக நீங்களே கட்ட வேண்டும். 130க்கு விற்று 2.83 நட்டப்படுவீர்கள். சின்னக் கடைகள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்த பொறி கடன். கொந்தராத்துக்காரர் மூன்று மாதக் காசோலை தந்தாலும் வரியை அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் கட்டியாக வேண்டும். கடனுக்குக் கொடுக்கும்போது வரிப் பங்கையாவது காசாக வாங்கிவிடுங்கள்.

உங்கள் கோபம் நியாயமாகும் இடம் வேறு. சமூகப் பாதுகாப்பு வரி (SSCL) 2.5 வீதம். சில்லறை வியாபாரிக்குப் புரள்வின் (விற்பனைத் தொகையின்) பாதியில் கணக்கிடுவதால் 1.25 வீதம் விழும். இந்த விற்பனையில் வற் போக மிஞ்சும் 110.17க்கு அது 1.38 ரூபா. இதில் கொள்முதல் கழிவு கிடையாது, நட்டப்பட்ட மாதத்திலும் கட்ட வேண்டும். 118க்கு வாங்கி 130க்கு விற்ற 12 ரூபா இலாபம், இரண்டு வரியும் போக 8.79 ஆகிவிடுகிறது. கடை வாடகை, கரண்ட் பில், பொடியன்மார் சம்பளம், வருமான வரி எல்லாம் அதற்குள்தான்.

2019 டிசம்பரில் வற் வரியை 8 வீதமாகக் குறைத்து, 2020 ஜனவரியில் பதிவு எல்லையை வருடத்துக்கு 30 கோடியாக உயர்த்தினார்கள். 2024 ஜனவரியில் 18 வீதம், எல்லை 6 கோடி, அதாவது மூன்று மாதத்துக்கு ஒன்றரைக் கோடி. வற் கணக்கே தேவைப்படாதிருந்த கடைக்காரர் நான்கே வருடத்தில் மாதாமாதம் வரி கட்டுபவராகிவிட்டார். அந்த எல்லையும் விற்பனையை அளக்கிறதே தவிர இலாபத்தை அல்ல.

வர்த்தகச் சங்கங்கள் "வரியே வேண்டாம்" என்பதை விட்டுவிட்டு இரண்டைக் கேட்கட்டும்: சமூகப் பாதுகாப்பு வரிக்கும் கொள்முதல் கழிவு, கடன் விற்பனைக்குக் காசு கைக்கு வந்த பிறகே வற் வரி.