வட்டியில்லா முன்பணம் கேட்கும் விலை

கேள்வி: ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவன். கிருஷ்ணகிரி பக்கம் 5 ஏக்கரில் மாந்தோப்பு, பெரும்பாலும் செந்தூரா. பென்ஷன் கையில் 1 லட்சம் வந்தாலும் வீட்டுக்கடன், மகள் படிப்பு என்று கரைந்துவிடுகிறது. தோப்புச் செலவுக்கு நவம்பரில் 4 லட்சம் முன்பணம் தருபவர் மண்டி நடத்தும் என் மனைவியின் அண்ணன். வட்டி கிடையாது. ஆனாலும் கையில் எதுவும் நிற்கவில்லை. இந்த முறை காய்ப்பு குறைந்து, 1.4 லட்சம் பாக்கி. வங்கி வைப்புநிதியில் உள்ள 6 லட்சத்தை எடுத்து டிராகன் பழம் போடலாமா?

பதில்: டிராகன் பழம் இப்போது வேண்டாம். கல் தூண், கன்று, சொட்டுநீர் என்று ஏக்கருக்கு 5, 6 லட்சம் முழுங்கும் பயிர் அது. உங்கள் பணத்தைத் தின்பது அந்த முன்பணம்தான்; அதை வாங்கியதால் காயை அவர் மண்டிக்கே, அவர் தரும் விலைக்குப் போடுகிறீர்கள்.

நல்ல காய்ப்பு இருந்த போன வருட மண்டிச் சீட்டை இணைத்திருக்கிறீர்கள். 20 டன், கிலோ 22 ரூபாய், டன்னுக்கு 50 கிலோ கழிவு (எடையில் கழித்துக்கொள்வது). அதே வாரம் வெளியூர் வியாபாரி தோப்புக்கே வந்து கழிவில்லாமல் 25 கேட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிலோவுக்கு 3 ரூபாய் என்றால் 60,000 போச்சு. கழிவில் 1,000 கிலோ, அது 22,000. ஆக 82,000. மண்டிக் கமிஷனை நான் இதில் சேர்க்கவே இல்லை. 4 லட்சத்துக்கு ஏழு மாதத்தில் இவ்வளவு கொடுத்தால், வருடக் கணக்கில் சுமார் 35 சதவீத வட்டி. இதைவிடக் குறைந்த வட்டிக்கு நகைக்கடனே கிடைக்கும்!

மைத்துனர் உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. முன்பணம் கொடுத்த மண்டிக்காரர் பலரும் செய்வதுதான் இது. ஆனால் பணியில் இருந்தபோது ஸ்டோர் கணக்கில் ஒரு மூட்டை குறைந்தால் விட்டிருப்பீர்களா? உறவு என்பதால் சீட்டைப் பார்க்காமலே மடித்து வைத்திருக்கிறீர்கள். மா பெரும்பாலும் ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் அடுத்த வருடம் சோர்ந்துவிடும். அந்த வருடப் பாக்கி அடுத்த முன்பணத்தோடு ஒட்டிக்கொள்ளும்; பிறகு காய் யாருக்குப் போகவேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது. உங்கள் ஊரில் 2025-ல் தோத்தாபுரி மாங்காய் கிலோ 4, 5 ரூபாய்க்கு விழுந்ததே, அப்படி ஒரு சீசன் வந்தால் என்ன ஆகும்?

வைப்புநிதியில் 1.4 லட்சத்தை உடைத்து இந்த மாதமே பாக்கியைத் தீருங்கள். 7 சதவீதம் தரும் பணத்தைப் பூட்டிவைத்துவிட்டு 35 சதவீதக் கடனைச் சுமக்க வேண்டாம். அப்புறம் சிட்டா, அடங்கலோடு (நில உரிமை, பயிர் விவரப் பதிவுகள்) வங்கிக்குப் போய் கிசான் கிரெடிட் கார்டு, அதாவது விவசாயிகளுக்கான பயிர்க்கடன் கேளுங்கள். 3 லட்சம் வரை வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். ஏழு மாதத்துக்கு 7,000 ரூபாய் வரும். 2 லட்சத்துக்கு மேல் பிணை கேட்பார்கள், நிலப் பத்திரத்தைத் தயாராக வையுங்கள். குறையும் 1 லட்சத்துக்கு வைப்புநிதி இருக்கிறது. அறுவடை முடிந்ததும் அதைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

மைத்துனரிடம், "இந்த வருடம் வங்கியில் வாங்கிக்கொண்டேன், காயை உங்களுக்கும் காட்டுகிறேன், மற்றவர்களுக்கும் காட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். உங்கள் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அவர் 25 கொடுத்தால் தாராளமாக அவருக்கே போடலாம்.